யூ.பி. நம்பர் வண்டி

அத்தான் அந்தப் பழைய அம்பாசிடரைக் காஜியாபாத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே எங்கள் பிளாக்கில் கைகலப்பு நடந்துவிட்டது. வண்டி வாசலில் நின்றதே தவிர இஞ்சின் இன்னும் அணையவில்லை. கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரர் பனியனோடு வெளியே வந்து பானெட்டின் மேல் ஓங்கி அறைந்தார். வண்டிக்குப் பின்னால் கொடிக்கயிற்றில் அவர் மனைவி வெள்ளைப் படுக்கை விரிப்புகளைக் காயப் போட்டிருந்தாள். சைலன்சரிலிருந்து கிளம்பிய நீலப் புகை நேராக அதில் போய்ப் படிந்து, மை தெளித்த மாதிரி எண்ணெய்ப் பொட்டுகள்.

அத்தான் சிரித்துக்கொண்டேதான் இறங்கினார். லோதி ரோடு குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்குக்கு அதுதான் முதல் கார். யாராவது வந்து கை குலுக்குவார்கள் என்று நினைத்திருப்பார். பானெட்டில் அறை விழுந்ததும் முகம் மாறியது. மாடி பால்கனியில் நானும் அக்காவும் நின்றிருந்தோம். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் தரையில் உருண்டார்கள். பஞ்சாபிக்காரர் பெரிய உடம்பு. ஆனால் அத்தானின் கை கனமானது. நாலு வீட்டு ஆண்கள் வந்து பிரித்தபோது பஞ்சாபிக்காரரின் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து பனியனில் இறங்கிக்கொண்டிருந்தது. இஞ்சின் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. புகையில் எல்லோரும் இருமினார்கள்.

"நல்ல நேரந்தான்" என்றாள் அக்கா. என்னிடம்தான் சொன்னாள், கீழே பார்த்தபடியே.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அப்பா இறந்தபின், பள்ளிக்கூடப் படிப்பு முடியும் முன்பே, பாவாடை தாவணியோடு கோவில்பட்டியிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். டெல்லியிலேயே மிச்சப் படிப்பை முடித்து ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். அத்தான் வேறொரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். அங்கே அவரைச் சாது என்று சொல்வார்கள். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டாராம். ஆபீஸில் உயராத குரலெல்லாம் வீட்டில்தான் உயரும், கையோடு சேர்த்து. எதற்கு அடி விழும் என்று சொல்ல முடியாது. சாம்பாரில் உப்புக் கூடினால் விழாது. உப்புச் சரியாக இருக்கும் நாளில் விழும். அக்கா அடி வாங்கும்போது சத்தம் போட மாட்டாள். மறுநாள் குழாயடியில் யாராவது கேட்டால், "மாடிப்படியில விழுந்துட்டேன்" என்று ஹிந்தியில் சொல்வாள். அவளுக்குப் பிசகில்லாமல் வந்த ஹிந்தி வாக்கியங்களில் அது ஒன்று.

கார் வாங்கும் ஆசையை அத்தானுக்கு ஊட்டியது அவர் ஆபீஸ் சிநேகிதர் ஒருவர். யமுனையைத் தாண்டி உத்தரப் பிரதேசத்துக்குள் போனால் பழைய வண்டிகள் மலிவு என்று சொல்லியிருந்தார். ஏன் மலிவு என்று அத்தான் கேட்கவில்லை. டெல்லியில் அப்போதுதான் வண்டிகளின் புகையைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். வேறு மாநில நம்பரோடு வரும் வண்டியை இங்கே வைத்துக்கொள்ள வேண்டுமானால் டெல்லிப் பதிவுக்கு மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன் இன்ஸ்பெக்டர் வண்டியை ஓடவிட்டுப் புகையைப் பார்ப்பார். காஜியாபாத்தில் வண்டி விற்றவனிடம் இதை அத்தான் கேட்கத்தான் கேட்டிருக்கிறார். அவன் வெற்றிலை மென்றுகொண்டே நெஞ்சில் கை வைத்து, "பக்கா பாபுஜி, டெல்லியிலே பாஸ் ஆகும்" என்றானாம். அந்த "பக்கா"வை அத்தான் வீட்டுக்கு வந்து பலமுறை சொல்லிக்காட்டினார்.

முதல் தடவை பரிசோதனைக்குப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அத்தனை வருஷம் டெல்லியில் இருந்தும் அவருக்கு ஹிந்தி தடுமாறும். கோபம் வந்தால் முழுக்க மறந்துபோகும்.

"நீ வா. அவன் என்னமும் கேட்டா நீ பேசு. ஜல்தி கெளம்பு" என்றார்.

பரிசோதனை ஒரு பெரிய மண் மைதானத்தில் நடந்தது. மரமே கிடையாது. மே மாத வெயில். லாரிகளும் டாக்ஸிகளும் ஆட்டோக்களும் வரிசையில் நின்றன. இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், தலையில் ஈரத் துண்டு போட்டிருந்தார். எங்கள் முறை வந்ததும் ஆக்ஸிலேட்டரை அழுத்தச் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைத் துணியைச் சைலன்சர் வாயில் பிடித்தார். எடுத்தபோது துணியின் நடுவே ஈரமான கறுப்பு வட்டம். எங்களிடம் காட்டினார். கோபமோ எரிச்சலோ இல்லாமல்தான் பேசினார்.

"யூ.பி.யில ஓட்டிக்குங்க. அங்க கேக்கறவன் இல்ல. இங்க முடியாது" என்றார் ஹிந்தியில்.

நான் அத்தானுக்குச் சொல்வதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. "பத்து மைல்ல புகை மாறிப்போவுமா? அதே வண்டி, அதே புகை. அங்கன சரி, இங்கன தப்பா? கேளு" என்றார்.

கேட்டேன். இன்ஸ்பெக்டர் துணியை மடித்துக்கொண்டே, "ஊருக்கு ஊர் சட்டம்" என்றார். அடுத்த வண்டியை வரச் சொல்லிக் கையை ஆட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியில் கோட்லாவில் ஒரு மெக்கானிக் கடையில் நிறுத்தினோம். பிஸ்டன் ரிங் தேய்ந்துபோயிருக்கிறது, இஞ்சின் எண்ணெயைக் குடித்துப் புகையாகத் துப்புகிறது, முழுக்கப் பிரித்து வேலை பார்த்தால்தான் நிற்கும் என்றான் மெக்கானிக். அத்தான் அவனைத் திருடன் என்று தமிழில் திட்டினார். மெக்கானிக்குக் கூட்டாளியாக இருந்த ஆள் மட்டும், கெட்டியான எண்ணெயை ஊற்றினால் கொஞ்ச நேரம் புகை அடங்கும், அதற்குள் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று யோசனை சொன்னான். அத்தானுக்கு அதுதான் பிடித்தது.

இரண்டாவது தடவை போனது அடுத்த வாரம். கெட்டி எண்ணெய் ஊற்றியதும் வண்டி நிஜமாகவே திருந்தினாற்போல் இருந்தது. புகையே இல்லை. அத்தான் விசிலடித்துக்கொண்டே ஓட்டினார். ஆனால் மைதானத்தில் வரிசை முன்பைவிட நீளம். அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்ற பயத்தில் அத்தான் இஞ்சினை அணைக்கவே இல்லை. வெயிலில் நின்று நின்று சூடேறி, எண்ணெய் இளகிவிட்டது போலும். எங்கள் முறைக்கு இன்னும் நாலைந்து வண்டிகள் இருந்தபோது பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் நின்ற ஆட்டோ தெரியவில்லை. புகைதான் தெரிந்தது.

அந்த ஆட்டோக்காரன் இறங்கி வந்து ஜன்னலில் தலையை நுழைத்து, "மதராஸி, அடுப்பைக் கொண்டுவந்தியா, இட்லி போடப்போறியா" என்று கேட்டுச் சுற்றிலும் பார்த்துச் சிரித்தான். அத்தான் கதவுப் பக்கம் கையை இறக்கினார். ஜன்னல் கண்ணாடியை உயர்த்தும் பிடியைச் சுழற்றினார். அவன் தலை உள்ளே இருக்கும்போதே கண்ணாடி மேலேறி அவன் தொண்டையில் அழுந்தியது. அவன் கண்கள் எனக்கு மிக அருகில் இருந்தன. வெள்ளை விழி முழுவதும் தெரிந்தது. நான் அத்தானின் கையைப் பிடித்து இழுத்தேன். அசைக்க முடியவில்லை. குனிந்து அவர் மணிக்கட்டைக் கடித்தேன். அதன்பிறகுதான் பிடி தளர்ந்தது.

ஆட்டோக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்தார்கள். அத்தானைக் கதவு வழியாக வெளியே இழுத்துச் சட்டையைக் கிழித்தார்கள். இன்ஸ்பெக்டரும் காவலுக்கு இருந்த ஹோம்கார்டும் ஓடிவந்ததால் அதோடு போயிற்று. இன்ஸ்பெக்டர் வண்டியின் பக்கமே வரவில்லை. தூரத்திலிருந்தே புகையைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார், முடியாது என்று.

வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆறு வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து மாவு உருட்டிக்கொண்டிருந்தது. கிழிந்த சட்டையைப் பார்த்ததும் அக்கா எழுந்தாள்.

"பாஸ் ஆயிட்டா?" என்று கேட்டாள். கேலியே இல்லை. அந்தச் சட்டையைப் பார்த்தும் அப்படிக் கேட்டது அவளுடைய நம்பிக்கை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அத்தான் அவள் கையிலிருந்த சப்பாத்திக் கட்டையைப் பிடுங்கினார். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடி புருவத்தில். புருவம் பிளந்து, ரத்தம் கண்ணுக்குள் இறங்கி, அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரைத் தடவினாள். நான் நடுவில் போய் நின்றேன். என் காதோடு சேர்த்து ஓர் அறை விழுந்தது. தலைக்குள் மணி அடித்தது. குழந்தை, "பாபா, மத் மாரோ" என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டே இருந்தது. அடிக்காதே என்று கெஞ்சுவதற்கு அதற்குத் தமிழ் வரவில்லை. மாவுப் பாத்திரம் கவிழ்ந்து, மாவில் ரத்தத் துளிகள் கிடந்தன. அத்தான் கட்டையை எறிந்துவிட்டுப் படுக்கையறைக்குப் போய்ப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

அக்காவை டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தையல் போடவைத்தேன். காத்திருந்தபோது அவளிடம், "வா, நாம வேற எங்கயாவது போயிருவோம்" என்றேன்.

"எங்கன போவ? ஊருக்கா? அம்மா என்ன சொல்லுவா தெரியும்லா" என்றாள். பிறகு கொஞ்சம் பொறுத்து, "வண்டிய திருப்பிக் கொடுத்திட்டா அவிய சரியாயிருவாவ" என்றாள். எனக்கு அவள்மேல் வந்த கோபம் அத்தான்மேல்கூட வரவில்லை.

சனிக்கிழமை வண்டியைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். பேசுவதற்கு நான் வர வேண்டும் என்றார். அக்கா, தையல் போட்ட புருவத்தோடு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீ எதுக்கு?"

"அவள தனியா அனுப்ப மாட்டேன்" என்றாள் அக்கா.

குழந்தையைக் கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரி வைத்துக்கொண்டாள். மூக்கில் அடிபட்டவரின் மனைவிதான். எங்களோடு பேசாவிட்டாலும் குழந்தையை அவள் விட்டுக்கொடுத்ததில்லை.

காஜியாபாத் ஜி.டி. ரோட்டோரம் தகரக் கதவு போட்ட ஒரு கொட்டகை அது. உள்ளே பழைய வண்டிகள் வரிசையாக நின்றன, துடைத்துப் பளபளவென்று, கண்ணாடிகளில் சுண்ணாம்பால் ஏதோ எழுதி. விற்றவன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவன் தம்பிகள் இருவர் ஒரு ஜீப்பின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் டீக்கடை, லாரி டிரைவர்கள், வெட்டவெளிப் பகல்.

விற்றவன் எழுந்து கும்பிட்டான். எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். நான் விஷயத்தைச் சொன்னேன். டெல்லியில் இரண்டு முறை தள்ளிவிட்டார்கள், பக்கா என்று சொன்னீர்களே என்றேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"பெஹன்ஜி, எங்க ஊர்ல இது பாஸ் ஆன வண்டி. பேப்பர் இருக்கு. உங்க ஊரு சட்டத்துக்கு நானா ஜவாப்?"

"ஆனா நீங்க டெல்லியில பாஸ் ஆகும்னு சொன்னீங்க."

"ஆகும்னு சொன்னேன். ஆகலன்னா அது உங்க நசீப்" என்றான். அக்காவின் புருவத்தைப் பார்த்தான், பிறகு அத்தானைப் பார்த்தான். பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தான். "பாபுஜிக்குக் கோபம் அதிகம் போல. ரிப்பேரை வீட்லயே செய்யறாரு."

நசீப் என்றால் தலையெழுத்து என்று அத்தானுக்குத் தெரியும். சிரிப்பின் அர்த்தமும் தெரிந்துவிட்டது. "பக்கான்னு சொன்னியேல" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு அவன் கழுத்துப்பட்டியைப் பிடித்துத் தன் நெற்றியால் அவன் முகத்தில் முட்டினார். பல் உடையும் சத்தம் கேட்டது. வெற்றிலைச் சாறும் ரத்தமும் ஒன்றாக அத்தானின் சட்டையில் தெறித்தன.

தம்பிகள் இருவரும் ஓடிவந்தார்கள். ஒருவன் பின்னாலிருந்து அத்தானின் முழங்கால் மடிப்பில் உதைத்தான். அவர் மண்டியிட்டு விழுந்தார். அதற்கப்புறம் அவர் எழுந்திருக்கவே இல்லை. உதைகள் விலாவில், வயிற்றில், முதுகில் விழுந்தன. அத்தான் முதலில் திட்டினார், பிறகு முனகினார், பிறகு "ஐயோ அம்மா" என்றார். அடி வாங்குகிறவன் குரல் அவருக்கும் இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் ஹிந்தியில் கத்தினேன். போலீஸைக் கூப்பிடுவேன் என்றேன், பெரிய ஆபீஸில் வேலை பார்க்கிறேன் என்றேன், வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அம்பாசிடரின் திறந்த கதவருகே நின்றிருந்தாள். ஓடி வரவில்லை, அழவில்லை, கையைக்கூட நெஞ்சில் வைக்கவில்லை. கடைத்தெருவில் பொம்மலாட்டம் பார்ப்பவளைப் போல நின்றாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பயத்தில் உறைந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

தம்பிகளில் இளையவன் சக்கரம் கழற்ற வைத்திருந்த இரும்புத் தடியை எடுத்தான். முதல் வீச்சு அத்தானின் வலது முன்னங்கையில் விழுந்தது. காய்ந்த முருங்கைக் கிளை ஒடிவது போல் ஒரு சத்தம். அவன் தடியை மறுபடி உயர்த்தினான், இந்த முறை தலைக்கு நேராக.

அப்போதுதான் அக்கா அசைந்தாள். வண்டிக்குள் குனிந்து, காலடியில் கிடந்த ஹாண்டிலை எடுத்தாள். அந்தக் காலத்து வண்டிகளில் பேட்டரி படுத்துவிட்டால் முன்னால் செருகிச் சுழற்றுகிற கனமான இரும்புக் கம்பி. அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அவள் அடிக்கிறவர்களிடம் போகவில்லை. பக்கத்தில் விற்பனைக்கு நின்ற ஃபியட்டின் முன்கண்ணாடியில் வீசினாள். கண்ணாடி முழுவதும் வெள்ளையாகப் பொரிந்து உள்ளே கொட்டியது. எல்லோரும் திரும்பினார்கள். அவள் அடுத்த வண்டிக்குப் போனாள். அதன் கண்ணாடி. பிறகு அதன் விளக்குகள். பிறகு அடுத்தது. அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. துணி துவைக்கிறவள் மூச்சு விடுவது போல் ஒவ்வோர் அடிக்கும் ஒரு மூச்சு. புருவத்தின் தையல் பிரிந்து மறுபடி ரத்தம் வடிந்தது. துடைக்கவில்லை.

இளையவன் அத்தானை விட்டுவிட்டு அவளை நோக்கி ஓடினான். அவள் கம்பியைத் திருப்பி வீசினாள். அவன் காதை உரசிக்கொண்டு போய் ஜீப்பின் கதவில் இடித்தது. அவன் பின்வாங்கினான். விற்றவன் உடைந்த வாயைப் பொத்திக்கொண்டு, "பைத்தியம், பைத்தியம், கூட்டிட்டுப் போங்க, வண்டியோட கூட்டிட்டுப் போங்க" என்று என்னைப் பார்த்துக் கதறினான். டீக்கடை ஆட்கள் அப்போதுதான் ரோட்டைத் தாண்டி வந்தார்கள். ஆண் அடிபடும்போது வராதவர்கள் கண்ணாடி உடையும்போது வந்தார்கள்.

அத்தானால் எழுந்திருக்க முடியவில்லை. எனக்கும் அக்காவுக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. டீக்கடையில் இருந்த ஒரு வயதான சர்தார்ஜி, லாரி டிரைவர், ஒன்றும் கேட்காமல் வந்து அத்தானைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டுவிட்டு அம்பாசிடரை எடுத்தார். தன் லாரியைக் க்ளீனரிடம் விட்டிருந்தார். அத்தானின் தலை அக்காவின் மடியில் இருந்தது. கம்பி அவள் காலடியில் உருண்டுகொண்டிருந்தது. வண்டி வந்த வழியெல்லாம் நீலப் புகையைக் கக்கியது.

எல்லையில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். "யூ.பி. நம்பர். இவ்வளவு புகையோட உள்ளே போகக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பின்சீட்டைப் பார்த்தார். கோணலாக மடங்கிக் கிடந்த கையையும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரத்தம் சொட்ட உட்கார்ந்திருந்த அக்காவையும் பார்த்தார்.

"ஆக்சிடென்டா?"

"ஆமாம்" என்றார் சர்தார்ஜி.

"ஜாவ், ஜல்தி ஜாவ்" என்று வழிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டார். அடிதடி என்றால் போலீசுக்குச் சொல்ல வேண்டும், ஆபீஸுக்குத் தெரிந்துவிடும். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு, "மாடிப்படியில விழுந்துட்டேன்" என்றார். அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நர்ஸ் ஆறுதல் சொன்னாள். அழவில்லை என்று எனக்குத் தெரியும்.

விலா எலும்புகளிலும் முன்னங்கையிலும் முறிவு. மாவுக்கட்டோடு அத்தான் வீட்டில் கிடந்தார். அக்கா சோறு ஊட்டினாள், குளிப்பாட்டினாள், வேட்டி கட்டிவிட்டாள். அவர் குழந்தையைப் போல் ஆகிவிட்டார், குரல் தணிந்துவிட்டது என்று நான்கூட நம்ப ஆரம்பித்தேன். ஒரு நாள் ரசம் சூடாக இருந்ததென்று இடது கையால் தட்டைத் தட்டிவிட்டு, அதே கையை அவள்மேல் ஓங்கினார். அக்கா அந்தக் கையை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க" என்றாள். "அன்னைக்கு அவனுவ உங்கள அடிக்கும்போது நான் ஏன் சும்மா நின்னேன் தெரியுமா?"

அத்தான் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார்.

"நல்லா இருந்துச்சு. பாக்கதுக்கு நல்லா இருந்துச்சு. இன்னும் ரெண்டு விழட்டும்னு நின்னேன். மண்டையில அடிக்கப் போனாம்லா, அப்பந்தான், செத்துப்போவீயளேன்னு எடுத்தேன்."

சொல்லிவிட்டுக் கையை விட்டாள். தரையில் கிடந்த சோற்றைக் கூட்டி அள்ளினாள். அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கதவு திறந்திருந்த அடுத்த அறையில் தலை வாரிக்கொண்டிருந்த நான் சீப்பைக் கீழே வைத்தேன். அத்தனை வருஷத்தில் அக்கா சொன்ன மிகக் கொடூரமான வார்த்தை அதுதான். மிக உண்மையானதும் அதுதான்.

வண்டி பிளாக்குக்குப் பின்னால் பல மாதம் நின்றது. யாரோ டயர்களைக் கிழித்தார்கள். கீழ்வீட்டுக்காரராக இருக்கும் என்று அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் இறங்கிப்போய்க் கேட்கவில்லை. கடைசியில் ஹாப்பூர் பக்கத்து ஆள் ஒருவர் வந்து பார்த்தார். டெல்லியில் பாஸ் ஆகாது என்று நானே முதலில் சொல்லிவிட்டேன். "எங்க பக்கம் யாரு கேக்கறா? ஷேர் டாக்ஸியா ஓட்டுவேன்" என்று சந்தோஷமாக இழுத்துக்கொண்டு போனார். ஓடியிருக்கும்.

மாவுக்கட்டை அவிழ்த்த பின், மெலிந்து வெளுத்துப்போன அந்தக் கையால் அத்தான் முதலில் செய்த காரியம் அக்காவின் கன்னத்தில் அறைந்ததுதான். சரியாக வலுவில்லாத அறை. சோதித்துப் பார்த்த மாதிரி இருந்தது. அக்கா அடுப்படிக்குப் போனாள். அடுப்பை அணைத்தாள். அன்று விடுமுறை, நானும் வீட்டில்தான் இருந்தேன். "ஏட்டி, முன்ன சொன்னியே உன் சிநேகிதி வீட்டு மொட்டமாடி ரூம், அது இன்னும் காலியாத்தான் இருக்கா?" என்று கேட்டாள். இருந்தது. அத்தான் படுக்கையறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோதே, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பு, குழந்தையோடு மூன்று பேரும் கரோல் பாக் பஸ்ஸில் இருந்தோம்.

ஊரிலிருந்து அம்மா எழுதவில்லை, ஆளனுப்பினாள். சித்தப்பா வந்து அரை நாள் பேசினார். "ஆம்பளன்னா அப்படி இப்படித்தான் இருப்பான். ஊர் என்ன சொல்லும்" என்றார். அக்கா அவருக்குச் சாப்பாடு போட்டு, ரயில் ஏற்றி அனுப்பினாள். பிறகு பக்கத்துத் தெருவில் ஒரு பாலர் பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தாள். என் சம்பளத்தோடு அதுவும் சேர்ந்து ஓடியது.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்தார். மொட்டைமாடி அறையின் கதவை உதைத்தார். திட்டினார், என் பெயரைச் சொல்லியும் திட்டினார். கதவின் கீழ்ப்பலகை விரிசல் விட்டது. அக்கா பட்டாணி உரித்துக்கொண்டே இருந்தாள். குழந்தை என் மடியில் ஏறிக்கொண்டது. நான் போய் வீட்டுக்காரரைக் கூப்பிடவா என்று கேட்டேன். தலையசைத்து வேண்டாம் என்றாள். உதை மெதுவாகி, கடைசியில் நின்று, வெளியே மூச்சிரைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா எழுந்து கதவைத் திறந்தாள்.

"உள்ள வாங்க. காப்பி குடிச்சிட்டு, பிள்ளைய பாத்துட்டுப் போங்க. ஆனா இந்த வீட்டுல இருக்குத வரைக்கும் கைய மடியில வச்சிக்கிடணும்."

அத்தான் அவளைப் பார்த்தார். அவள் கையில் பட்டாணித் தோல் தவிர ஒன்றுமில்லை. ஆனால் அவர் பார்த்தது காஜியாபாத்தில் பார்த்தவளைத்தான் என்று நினைக்கிறேன். உள்ளே வந்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். குழந்தை தூரத்திலிருந்தே, "பாபா, நமஸ்தே" என்றது.

அதன்பிறகு மாதம் ஒருமுறை வந்தார், மயூர் விஹாரில் நாங்கள் ஃப்ளாட் வாங்கிப் போன பிறகும் வந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். காப்பியை எடுக்கும்போது மட்டும் அக்காவைப் பார்த்துவிட்டு எடுப்பார். அவள் ஒரு முறைகூட அவரோடு திரும்பிப் போகவில்லை.